தகரப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள், தோழர்களே!

இந்த ஞாயிறு கொடி வேண்டாம், மைக் வேண்டாம். ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நம் ஊர் இலங்கைத் தமிழர் முகாமுக்கு வாருங்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள், நாற்பது ஆண்டு தாண்டியும் சட்டப்படி அயல்நாட்டார்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சேர்த்தது, இலங்கையை விட்டுவிட்டது. எதிர்த்துத் தெருவில் இறங்கினோம், சரி. அதற்குப் பிறகு முகாம் வாசலைத் தாண்டி உள்ளே போனவர் நம்மில் எத்தனை பேர்?

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் அந்த முகாம்களில் உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் அகதியாக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் வழக்குப் போட்டார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அவருக்குக் கைகொடுத்தது பிறப்புச் சான்றிதழ்.

இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் வழிவந்த மலையகத்தார் கதை வேறு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்திட்டது. அதன்படி மனுப் போட்டுக் காத்திருந்த குடும்பங்களும் உயிர் பிழைக்க ஓடிவந்து அகதிப் பதிவில் சேர்ந்துவிட்டன. தாத்தா எந்த ஊரிலிருந்து போனார், எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் அவசரம் இதுதான். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தகரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். அதை வாங்கிப் போய்த் தொலைக்கும் உபகாரிகள் அவர்களுக்கு இனியும் வேண்டாம்.

இலங்கைக்கே திரும்ப நினைப்பவர்களிடம் வாதாட வேண்டாம், அவர்களுக்கும் காகிதம் தேட உதவுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியவும் பிறப்புச் சான்றிதழ்தான் கேட்பார்கள்.

கூலி விஷயமும் இருக்கிறது. முகாம் ஆள் என்றால் பெயின்ட் வேலையில் நூறு இருநூறு குறைத்துக் கொடுக்கும் மேஸ்திரிகள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல வைக்காதீர்கள். பொறியியல் படித்த பிள்ளைகளும் அதே பிரஷ்ஷைத்தான் பிடிக்கிறார்கள். பட்டறை, கம்பெனி வைத்திருக்கும் தோழர்கள் ஆளுக்கொரு பிள்ளைக்காவது படிப்புக்கேற்ற வேலை கொடுங்கள். முகாமுக்கு வெளியே வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்காக வீட்டுக்காரரிடம் போய் நாமே பேசுவோம்.

2021இல் மாநில அரசு 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் அந்த வீட்டுக்குக் குடிபோகிறவர் கையில் குடியுரிமைக் காகிதம் இல்லை.

வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. காலை ஒன்பது மணி, முகாம் எதிரில் உள்ள டீக்கடை. வழக்கறிஞர் தோழர்கள் கட்டாயம் வர வேண்டும். வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கிளைச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதில் வேறு ஆள் பார்க்க வேண்டும்.