‘ஏஐ தெரியும்’ என்றால் என்ன தெரியும்?

“ரெஸ்யூமேல ஏஐ-ன்னு ஒரு வரி சேருப்பா, உடனே கூப்பிடுவாங்க.” கல்லூரி பிளேஸ்மென்ட் ஆபீசரும் இதைத்தான் சொல்கிறார், பெங்களூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனும் இதைத்தான் சொல்கிறார். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், பிராம்ப்ட் இன்ஜினியரிங் என்று நான்கு பெயரை அடுக்கி, இரண்டு மணி நேர ஆன்லைன் வகுப்பின் சான்றிதழையும் சேர்த்துவிட்டால் வேலை வந்து கதவைத் தட்டும் என்று ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறது. சமையல் தெரியுமா என்று கேட்டால், “மிக்ஸி தெரியும், கிரைண்டர் தெரியும்” என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக எடுத்துப் போடும் எண் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டும் லிங்க்டுஇன்னும் சேர்ந்து 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், ஏஐ திறன் இல்லாதவரை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று நிர்வாகிகளில் 66 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். லிங்க்டுஇன் மைக்ரோசாஃப்டின் சொந்த நிறுவனம். மைக்ரோசாஃப்ட் விற்கும் சரக்கு கோபைலட். போகட்டும், எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். கருவியின் பெயர் தெரிந்திருப்பதையா அந்த நிர்வாகிகள் திறன் என்கிறார்கள்? கேள்வியைத் தட்டிப் பதில் வாங்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வந்த பதில் தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

உதாரணத்துக்குக் கோபிநத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கலைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள், காட்டை ஒட்டிய ஊர். பழைய மைசூரு மாவட்டம். 1997-இல் பிரித்த பிறகு சாமராஜநகர் மாவட்டம். வீரப்பன் பிறந்த ஊர் என்பதற்கு மேல் வெளியே யாரும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள முயன்றதில்லை, அது அந்த ஊரின் தலையெழுத்து. அங்கே வீட்டில் பேசுவது தமிழ். அரசாங்கக் காகிதம் கன்னடம். தாத்தாவின் நிலத்துப் பஹணியை, அதாவது நில ஆவணத்தை, வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டியது படித்த பேரனின் பொறுப்பு.

அந்தப் பஹணியைப் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்து, தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் அளவு 2.20 என்று இருக்கிறது. இயந்திரம் அதை 2.2 ஏக்கர் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் கர்நாடகத்தில் புள்ளிக்குப் பின்னால் வருவது குண்டே என்னும் அளவு. 40 குண்டே சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக அது 2 ஏக்கர் 20 குண்டே, அதாவது இரண்டரை ஏக்கர். ஒரு புள்ளியில் முப்பது சென்ட் நிலம் காணாமல் போகிறது! ஹெக்டேர் கணக்கில் தமிழ்நாட்டுப் பட்டா பார்த்துப் பழகியவருக்கும் இது சட்டென்று பிடிபடாது. தாத்தாவோடு வரப்பில் நடந்த பேரனுக்குப் பிடிபடும். அந்தத் தப்பைப் பிடித்து, ஊரில் நாலு பேருடைய பஹணியையும் அதேபோல் சரிபார்த்துக் கொடுத்தான் என்றால், அதற்குப் பெயர்தான் ஏஐ திறன். அவனோ அதை ரெஸ்யூமேயில் எழுதுவதே இல்லை. ‘தமிழ், கன்னடம்’ என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் ‘பிராம்ப்ட் இன்ஜினியரிங்’ என்று போட்டுக்கொள்கிறான். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், மத்திய அரசின் பாஷிணி மொழித் திட்டமும் இந்திய மொழிகளில் தரவு வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது!

சரிபார்க்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. அதில் மேற்கோள் காட்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சிலவற்றைத் தேடினால், அப்படி வழக்கே கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் ஒன்று இருந்தது, அதுவும் கிடையாது. ஏஐயின் கைவேலை என்று பேச்சு எழுந்தது, உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். சட்டம் படித்து ஆண்டுக்கணக்கில் பழகிய இடத்திலேயே இந்தக் கதி என்றால், இரண்டு மணி நேரச் சான்றிதழ் எந்த மூலைக்கு?

“அதெல்லாம் சரி சார், கம்பெனி சாஃப்ட்வேர் அந்த வார்த்தை இல்லாத ரெஸ்யூமேயைத் தள்ளிவிடுதே” என்பார்கள். உண்மைதான், சில இடங்களில் அப்படி நடக்கிறது. தேவைப்பட்டால் வார்த்தையைப் போடுங்கள், பின்னால் வேலையைக் காட்டுங்கள். வடிகட்டியைத் தாண்டியவனை அடுத்த அறையில் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்பார். அதற்கும் அப்புறம் பரீட்சை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அவர்களில் பலர் ஆஃபர் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தவர்கள். நிறுவனம் நடந்துகொண்ட விதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் பட்டமும் ஆஃபர் கடிதமும் கையில் இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதைப் பார்த்த பிறகும், ரெஸ்யூமேயில் ஒரு வரி காப்பாற்றும் என்று மாணவரிடம் சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பிளேஸ்மென்ட் ஆபீசர்களே, அந்த உபதேசத்தை நிறுத்துங்கள். தம்பி, தங்கச்சி, அந்த நான்கு பெயரையும் அழியுங்கள். எந்த வேலைக்கு ஏஐயைப் பயன்படுத்தினீர்கள், அது எங்கே சறுக்கியது, நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று அங்கே மூன்று வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையா? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, தமிழும் கன்னடமும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதைக் கடைசி வரியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள்.