வியாழனைப் படம் பிடிக்க மலை ஏற வேண்டுமா?

வான சாஸ்திரம் என்றால் கொடைக்கானல், அதை விட்டால் காவலூர் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. மலையும் இருளும் ராட்சதக் கண்ணாடியும் இல்லாதவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்பது பொது அபிப்பிராயம். நட்சத்திர மண்டலங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. கிரகங்களைப் பொறுத்தவரை அது வீண் பேச்சு.

சேலத்து அம்மாபேட்டையையே எடுத்துக்கொள்ளலாம். தறிக்குப் பேர்போன, தெருவிளக்கு நிறைந்த இடம். அங்கே மொட்டை மாடியில் நின்றால் பால்வீதி தெரியாது. ஆனால் வியாழனும் சனியும் தெருவிளக்குக்கு அஞ்சி ஒளிந்துகொள்கிறவை அல்ல. கிரகப் படத்துக்கு எமன் வெளிச்சம் அன்று, அலைபாயும் காற்றுதான். கிரகம் அடிவானத்தில் தாழ்ந்து நின்றால், அதன் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வந்து குழம்பிப்போகிறது. 2020-ல் வியாழனும் சனியும் தெற்கே ஒதுங்கிச் சஞ்சரித்தபோது, லண்டன்காரர்களுக்கு அவை 20 டிகிரி உயரம்கூட ஏறவில்லை. சேலத்திலோ 55 டிகிரிக்கு மேல் நின்றன. காசு கொடுத்தாலும் கிடைக்காத இந்த வசதியை நம்மவர்கள் சீந்துவதில்லை!

ஏறக்குறைய சேலத்தின் அட்சரேகையிலேயே இருக்கிறது பிலிப்பைன்ஸ் நாட்டு செபு நகரம். அங்கே கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர், 11 அங்குலத் தொலைநோக்கியால் வியாழனை விடாமல் படம் எடுத்து வந்தார். 2006 பிப்ரவரியில், வெண்மையாக இருந்த ஒரு பெரும் புயல் சிவந்துவிட்டதை உலகுக்கு முதலில் சொன்னவர் அவரே. 2009 ஜூலை 19-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஆந்தனி வெஸ்லி என்ற அமெச்சூரின் படத்தில் வியாழன்மீது ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது. ஏதோ சந்திரனின் நிழலாக இருக்குமோ என்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தச் சந்திரனின் நிழலும் விழ நியாயமில்லை. ஏதோ ஒரு பொருள் மோதிய வடு அது! ஹவாயிலிருந்த நாசாவின் தொலைநோக்கி பிறகு அதை ஊர்ஜிதம் செய்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரே படம் எடுப்பதில்லை. சலனப் படமாக ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். காற்று ஒரு கணம் அடங்கும்போது விழுந்த தெளிவான படங்களைப் பொறுக்கி, மற்றவற்றைக் கழித்துவிட்டு, கம்ப்யூட்டரால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நல்ல நூலையும் நைந்த நூலையும் பிரித்துப் பழகிய ஊருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? அவசரம் மட்டும் உண்டு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. சில நிமிஷங்கள் தாமதித்தால் புள்ளிகள் இழுபட்டுவிடும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் குளிரும்வரை பொறுத்திருப்பதும் நல்லது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கைப்பேசியைக் கண்ணருகு லென்ஸில் வைத்துச் சனி வளையத்தைப் பிடிக்கும் இளைஞர்கள் இன்று இல்லாமல் இல்லை. பிடித்த படத்தை நாலு நண்பர்களுக்குக் காட்டியதோடு சரி. தேதி இல்லை, மணி இல்லை, நிமிஷம் இல்லை. அந்தப் படம் அழகாயிருக்கலாம், சாட்சியாகாது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, காவலூரிலும் நட்சத்திர ஒளி சற்று மங்கியது பதிவாயிற்று. புதிய சந்திரன் என்றே முதலில் கருதினார்கள். வேறு இடங்களில் பதிவானவற்றோடு நேரத்தை ஒத்துப் பார்த்ததில்தான் அது வளையம் என்று விளங்கிற்று. கடிகாரத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பதிவு எதற்கு ஆகும்?

ஆகவே, மாணவர்களுக்குத் தொலைநோக்கி வாங்கித் தரும் பள்ளிகளும் கனவான்களும் கூடவே ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தையும் வாங்கித் தரட்டும். அயோ என்ற சந்திரன் 42½ மணி நேரத்தில் வியாழனைச் சுற்றுகிறது. அந்தக் கணக்கை ஒரு மாணவன் தன் படங்களிலிருந்தே கண்டுபிடித்தால், பாடப் புத்தகத்தில் பத்து முறை படித்ததற்குச் சமம்.

2027 பிப்ரவரியில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் மாதம் அது. அம்மாபேட்டை மாடிகளில் நடுநிசிக்கு அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும்.