சின்னத் திருப்புளியே போதும்

அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய கருவி எது என்று கேட்டால், பேட்டரியில் ஓடும் சின்னத் திருப்புளி என்றுதான் சொல்வேன். டிரில் மெஷின் இல்லை. பென்ஷனர் நண்பர்கள் பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. "வாங்குறதுதான் வாங்குறோம் சார், சுவத்துல ஓட்டையும் போடுற மாதிரி பெரிசா வாங்கிடலாமே" என்கிறார்கள். பொதுவாக மகனோ மருமகனோ ஆன்லைனில் பார்த்துச் சொன்ன யோசனை அது. நூறு பிட்டுகளும் பெட்டியுமாக வந்து இறங்கும். முதல் வாரம் எல்லோருக்கும் காட்டுவார்கள். அப்புறம் அது பரணில்தான் இருக்கும்.

தொலைபேசித் துறையில் இருந்தவரை திருப்புளி என் கையில் ஆறாவது விரல் மாதிரி. இப்போது வலது கட்டை விரலின் அடிமூட்டில் தேய்மானம். ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதற்கே துணி தேவைப்படுகிறது. இறுகிப்போன நாலு ஸ்க்ரூவைக் கையால் கழற்றினால் அன்று இரவு தூக்கம் போச்சு. இதற்காக ஆளைக் கூப்பிடலாம்தான். ஆனால் இரண்டு நிமிட வேலைக்கு எலெக்ட்ரீஷியனோ தச்சரோ வண்டி எடுத்துக்கொண்டு வருவாரா? வரமாட்டார், அதில் தப்பும் சொல்ல முடியாது. ஆகவே குக்கர் கைப்பிடி ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற கைப்பிடியைப் பிடித்து, கொதிக்கிற சாம்பார்ப் பருப்போடு குக்கரை இறக்குகிறவர் எழுபது வயது வீட்டுக்காரம்மா. நான் கவலைப்படுவது அதற்குத்தான்.

எந்தெந்த ஸ்க்ரூவுக்குக் கை வைக்கிறேன் என்று ஒரு மாதம் டைரியில் எழுதி வைத்தேன். குக்கர், வாணலி கைப்பிடிகள், அலமாரிக் கதவின் கீல்கள், ஜன்னல் கொசுவலைச் சட்டம், காலிங் பெல் மூடி, பேத்தியின் பொம்மையில் பேட்டரி மூடி, கழன்று ஆடிய ஒரு ஸ்விட்ச் பிளேட். அவ்வளவுதான். இதில் ஒன்றுக்குக்கூடச் சுவரில் துளை போட வேண்டியிருக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை படம் மாட்டவும் கர்ட்டன் கம்பி போடவும் ஹேமர் டிரில் வேண்டும். அதற்கு ஆள் வரட்டும், கான்கிரீட் தூசியும் ஏணியும் அவரோடு போகட்டும்.

சரி, எதை வாங்குவது? டப்பாவில் போட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு லித்தியம் செல்லின் மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட், முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2. ஆகவே 3.6 வோல்ட் கருவி என்றால் உள்ளே இருப்பது ஒரு செல். 12 வோல்ட் என்றால் மூன்று, 21 வோல்ட் என்றால் ஐந்து. மலிவு டிரில்களில் 48, 88 என்று எண் போட்டுப் பக்கத்தில் ஏதோ எழுத்தையும் சேர்த்திருப்பார்கள். பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஐந்து செல்லுக்கு மேல் அதில் அடங்காது என்பது தெரிந்துவிடும். வீட்டுக்கு 3.6 வோல்ட் தாராளம்.

பார்க்க வேண்டியது டார்க், அதாவது முறுக்கு விசை. நல்ல சின்னத் திருப்புளிகள் நாலரை, ஐந்து நியூட்டன் மீட்டர் தருகின்றன. ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டினால் மறுமுனையில் எவ்வளவு முறுக்கு விழுமோ, ஏறத்தாழ அவ்வளவு. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் குக்கரின் பேக்கலைட் கைப்பிடியை உடைக்க அது போதும். பிளாஸ்டிக் ஸ்விட்ச் பிளேட்டிலும் கீறல் விழுந்துவிடும். அதனால்தான் கிளட்ச் இல்லாத மாடல் வேண்டாம் என்று சொல்கிறேன். முன்பக்கம் எண் போட்ட வளையம் ஒன்று இருக்கும். சின்ன எண்ணில் வைத்தால் ஸ்க்ரூ கொஞ்சம் இறுகியதுமே டக் டக்கென்று நழுவி நின்றுவிடும். பிளாஸ்டிக்குக்கு ஒன்று, இரண்டு, பிளைவுட்டுக்கு அதற்கு மேல். விளம்பரங்கள் வேகத்தைத்தான் பெரிதாகப் போடுகின்றன. நம் கைக்கு மெதுவாகச் சுற்றுவதே நல்லது.

ஸ்பிண்டில் லாக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மோட்டார் நிற்கும்போது தண்டு பூட்டிக்கொள்ளும், அப்போது அதையே சாதாரணத் திருப்புளி போலக் கையால் திருகலாம். துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு முதல் கால் சுற்றை அப்படிக் கொடுத்துவிட்டு, மீதியை மோட்டாரிடம் விட வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்குத் துப்பாக்கிப் பிடி சௌகரியம். பேனா போல நேராக இருப்பவை மணிக்கட்டைத் திருப்பிவிடும். விளக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. சார்ஜ் போட டைப்-சி துளை இருந்தால் போன் சார்ஜரே போதும்.

பிட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நாம் ஸ்டார் என்று சொல்கிற கூட்டல் குறித் தலையை 1930-களில் அமெரிக்காவில் பரப்பியவர் ஹென்றி பிலிப்ஸ். கார் தொழிற்சாலைகளில் வேகமாக முடுக்க அது வசதியாக இருந்தது. பிட் தானாக நடுவில் போய் உட்காரும், ஆனால் அளவு தப்பினால் வழுக்கித் தலையை மழுங்க வைத்துவிடும். மழுங்கிய ஸ்க்ரூவை எந்த மோட்டாராலும் எடுக்க முடியாது. வீட்டு ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு பி.எச். 2, சிறியவற்றுக்கு பி.எச். 1. நூறு பிட்டுள்ள பெட்டிக்குப் பதிலாக, எஸ் 2 எஃகில் செய்த நல்ல பிட் நாலைந்து தனியாக வாங்குங்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கால் அங்குல அறுகோண அடி, அதாவது 6.35 மில்லிமீட்டர். எல்லாக் கம்பெனி பிட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

பேட்டரி பற்றி பழைய பயம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று. அது நிக்கல் காட்மியம் காலத்துச் சட்டம். பாஷ் கம்பெனி 2003-ல் ஐக்சோ என்ற சின்னத் திருப்புளியை லித்தியம் அயான் பேட்டரியோடு கொண்டுவந்த பிறகு, இந்த ரகக் கருவிகளில் நிலைமை மாறிவிட்டது. ஆறு மாதம் அலமாரியில் கிடந்து எடுத்தாலும் சார்ஜ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் பி.ஐ.எஸ். முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பேட்டரியில் ஓடுகிறது, ஷாக் அடிக்காது என்று நினைத்து ஸ்விட்ச் போர்டில் கை வைக்காதீர்கள். கருவியில் இருப்பது 3.6 வோல்ட், போர்டில் இருப்பது 230. பிட்டும் அதைப் பிடிக்கும் தண்டும் வெறும் உலோகம், அவற்றுக்கு இன்சுலேஷன் கிடையாது. எம்.சி.பி.-யை இறக்கி, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் பிளேட்டைத் தொட வேண்டும். ஆயிரம் வோல்ட் தாங்கும் கைத் திருப்புளி தனியாகக் கிடைக்கிறது. கரண்ட் வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தரையில் நின்று கைக்கு எட்டுகிற ஸ்க்ரூ மட்டும்தான் நம்முடையது. ஸ்டூல் மேல் ஏறித்தான் திருக வேண்டும் என்றால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். கருவியை அவன் கையில் கொடுத்து, கிளட்ச் வளையத்தை மட்டும் நீங்கள் சரிபார்த்து வைத்தால் போதும்.