வாடினா உடனே ஒரு மக் தண்ணியா?

ஹாஸ்டல் ஜன்னல்ல ஐஸ்கிரீம் கப் வெச்சு தக்காளி, கத்தரி, மிளகாய்னு நாத்து வளர்க்கிற கோஷ்டி எல்லா காலேஜ்லயும் இருக்கு. இந்த வாரம் அவங்களுக்காக!

செடி தலையைத் தொங்கப்போட்டா நம்மாளுங்க முதல்ல தூக்கறது மக்கைத்தான். ஆனா தண்ணி பத்தலைன்னாலும் செடி வாடும், கூடிப்போனாலும் வாடும். வேருக்கும் காத்து வேணும் பாஸ். மண்ணுக்கு நடுவுல இருக்கிற சந்துல எல்லாம் தண்ணி அடைச்சுக்கிட்டா ஆக்சிஜன் கிடைக்காம வேர் அழுகும். அழுகின வேர் தண்ணியை உறிஞ்சாது. அதனால செடி தண்ணியில நின்னுக்கிட்டே தாகத்துல சாகும்! இது தெரியாம இன்னொரு மக் ஊத்தினா கதை முடிஞ்சுது.

அதனால முதல்ல விரலை உள்ளே விடுங்க. மேல் மண்ணை நம்பாதீங்க, ரெண்டு இஞ்ச் கீழே எப்படி இருக்குன்னு பாருங்க. அங்கேயும் காஞ்சிருந்தா தண்ணி ஊத்தலாம். சொதசொதன்னு இருந்தா, இல்ல அழுகின வாடை வந்தா நிறுத்துங்க. கப்போட அடியில ஓட்டை இருக்கான்னும் பார்த்துடுங்க (பாதிப் பேர் போடறதே இல்ல!). தினமும் காலையில டைம்டேபிள் போட்டு ஊத்தறதை எங்க இன்ஜினீயரிங் பாஷையில 'ஓபன் லூப்'னு சொல்லுவோம். சென்சார் இல்லாத சிஸ்டம். இங்கே உங்க விரல்தான் சென்சார்.

மத்தியான வெயில்ல தொங்கிட்டு சாயங்காலம் தானா நிமிர்ந்துட்டா பிரச்னையே இல்ல, விடுங்க.

மண்ணும் முக்கியம். சிதம்பரம் பக்கத்து வயல்ல இருந்து களிமண்ணை அள்ளிட்டு வந்தா, ஈரமா இருக்கிறப்போ தண்ணி வடியாது. காஞ்சா வெடிச்சு, ஊத்தற தண்ணி வெடிப்பு வழியா அப்படியே கீழே ஓடிடும், வேர்கிட்ட நனையாது. அப்போ தொட்டியை பக்கெட் தண்ணியில கால் மணி நேரம் உட்கார வெச்சு எடுங்க. அடுத்த தடவை மணலும் மக்கின உரமும் கலந்துக்குங்க. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்து மணல் நேர் எதிர், காலையில ஊத்தினது மத்தியானம் நிக்காது. அங்கே கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வேளை.

கடலோரத்துல இன்னொரு வில்லன், உப்பு. போர் தண்ணி உப்பா இருந்தா இலை ஓரம் கருகும், மண் மேல வெள்ளையா படியும். மண்ணு ஈரமா இருந்தும் வேரால இழுக்க முடியாது. பிளஸ் டூ ஆஸ்மோசிஸ் ஞாபகம் இருக்கா? அதேதான்! மழைத்தண்ணி, இல்ல நல்ல தண்ணியை அடி ஓட்டை வழியா நிறைய வடியற அளவுக்கு ஊத்தி உப்பைக் கழுவணும். 2004 சுனாமியில கடல் தண்ணி புகுந்த வயல்கள்லயும் நல்ல தண்ணியைத் தேக்கி வடியவிட்டுத்தான் உப்பை இறக்கினாங்க.

தண்டோட அடிப்பகுதி நூலா இளைச்சு நாத்து சாஞ்சிருந்தா அது நாற்றழுகல், பூஞ்சை மாதிரி கிருமி வேலை. அதைக் காப்பாத்த முடியாது. பிடுங்கிப் போட்டுட்டு, மத்ததுக்கு தண்ணியைக் குறைச்சு காத்தோட்டமா வைங்க.

சனி, ஞாயிறு ஊருக்குப் போறவங்க 'ரெண்டு நாளைக்கும் சேர்த்து' ஊத்தாதீங்க. வழக்கமான அளவு ஊத்தி, வடிஞ்சதும் வெயில் படாத வராண்டாவுக்கு மாத்தி வெச்சுட்டு பஸ் ஏறுங்க.