காலைப் பாருங்கம்மா!

“பெண் குழந்தைக்குத் துப்பாக்கி எதுக்கு?” என்று என் மாமியார் கேட்டார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதை டி.வி.யில் பார்த்தது முதல் என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் மனுதான். சரி என்று ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேர்த்துவிட்டோம்.

ஏர் பிஸ்டலை ஒரே கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். குறி அட்டை 10 மீட்டர் தள்ளி இருக்கும். அதன் நடுவில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவளுக்கோ மூன்று வாரமாக எல்லாக் குண்டும் இடது பக்கமே போய் விழுந்தன. நான் சும்மா இருந்தேனா? “கையைக் கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளிப் பிடிடி” என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில், “எனக்கு இது வராதும்மா, நிறுத்திடலாம்” என்று அழுதுவிட்டாள்.

மறுநாள் பயிற்சியாளரிடம் சொன்னேன். “கையை விடுங்க, காலைப் பாருங்கம்மா” என்றார்.

குண்டில்லாத பிஸ்டலைக் குறிப்பக்கம் நீட்டி, கண்ணை மூடி, மூச்சை விட்டுத் தளர்ந்து நிற்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்தால், கை குறிக்கு இடப்புறம் காட்டிக்கொண்டிருந்தது! அவள் உடம்பு இயல்பாகப் பார்க்கிற இடமே அதுதானாம். கையை மட்டும் வலியத் திருப்பினால், விசையை அழுத்தும் நேரத்தில் தசை தன் இடத்துக்குத் திரும்பிவிடும். ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் 10 மீட்டரில் பதினேழரை சென்டிமீட்டர் விலகும். அட்டையின் அகலமே 17 சென்டிமீட்டர்தான்!

வலக்கைக்காரர்கள் வலது காலைக் குறிப்பக்கம் வைத்து, பக்கவாட்டில் நிற்பார்கள். முன்கால் கதவின் கீல் மாதிரி. பின்காலை நகர்த்தினால் உடம்பு மொத்தமும் சேர்ந்து திரும்பும். கை இடப்புறம் போனால், பின்காலைத் தன் வயிற்றுப் பக்கமாகத் துளி நகர்த்த வேண்டும். வலப்புறம் போனால் முதுகுப் பக்கமாக. மறுபடி கண்ணை மூடிச் சோதிக்க வேண்டும். கண் திறக்கும்போது கை தானாகக் குறியில் இருக்கும்வரை இதேதான்.

பாதங்களுக்கு நடுவே தோள் அகலம் போதும். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும். அடுப்படியில் நாம் ஒரு காலில் சாய்ந்து நிற்போமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. கையில் சுமார் ஒரு கிலோ நீண்டிருப்பதால் மேலுடம்பு லேசாகப் பின்னுக்குச் சாயும். அது பரவாயில்லை, இடுப்பைத் தனியாக முறுக்கக் கூடாது. முழங்காலையும் பின்னுக்கு இறுக்கக் கூடாது.

அன்றைக்குச் சுட்ட பத்தில் ஏழு நடுக்கறுப்புக்குள் விழுந்தன. “நீ மூணு வாரமா கையையே திட்டினியேம்மா” என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் பிஸ்டல் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துத்தான் பழகுகிறாள். கூடத்துச் சுவரில் குறியாக ஒட்டியிருப்பது என் ஸ்டிக்கர் பொட்டு. தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து வைத்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல வீடு துடைத்ததில் அதையும் அழித்துத் தொலைத்தேன். அன்று நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. இப்போதெல்லாம் அந்த இரண்டு பாதத்தைச் சுற்றித்தான் துடைக்கிறேன். மாமியாரும் தாண்டித்தான் போகிறார்.