கேட்போரும் களமும்: ஜவ்வாது மலையை முன்வைத்து மாணவர் திரைப்பட விநியோகம்

சிறப்புப்பாயிரத்தின் இயல்பு கூறவந்த நன்னூல், ஆக்கியோன் பெயர் முதலாக எண்ணும் பதினொன்றனுள் கேட்போரையும் களத்தையும் சேர்த்தே வைத்துள்ளது. நூலைச் செய்தவர் யார் என்பதைப் போலவே, அது யார்பொருட்டுச் செய்யப்பட்டது, எந்த அவையில் அரங்கேறியது என்பனவும் நூலின் வரலாற்றுக்குள் அடங்கும் என்பது அம்மரபின் துணிபு. தொல்காப்பியப் பாயிரம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையையும் அதங்கோட்டாசானையும் மறவாமல் சுட்டுவது இதனாலேயே. இம்மரபைப் பாடமாகக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், தம் மாணவர் எடுக்கும் குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் நோக்கி இவ்விரு வினாக்களையும் பெரும்பாலும் எழுப்புவதில்லை. படம் முடிந்தபின் ‘இதை எங்கே கொடுப்பது’ என்ற வினா எழுகிறது. விநியோகம் என்னும் சொல்லே திரைப்பட வணிகத்திற்கு உரியது, ஆய்வுக்கு அயலானது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

ஜவ்வாது மலையை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இக்கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி, அடிவாரக் கல்லூரிகளின் மாணவர்க்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள களம். மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் வழிபாடு, சாமை வேளாண்மை, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகக் கூறும் குடிவழிக் கதை, அவர்தம் தமிழ் வழக்கு ஆகிய அனைத்தும் நாட்டார் வழக்காற்றியல் மாணவருக்கு ஆய்வுப் பொருளாகும். கைப்பேசியே படக்கருவியாகிவிட்ட இந்நாளில் படம் எடுக்கும் செலவு பேருந்துக் கட்டணம், உணவு, படத்தொகுப்பு என்ற அளவில் சுருங்கிவிட்டது. எடுத்த படத்தைக் காட்டும் செலவோ சுருங்கவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று: திரைவிழா, திரையரங்கு, இணையம். ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமென மும்பையில் 1990 முதலும் கேரளத்தில் 2008 முதலும் பன்னாட்டு விழாக்கள் நடந்துவருகின்றன. அவை தரும் ஏற்பு மதிப்புடையது. ஆயினும் ஒரு படத்திற்கு ஓரிரு காட்சிகளே கிடைக்கும். திரையரங்க வழிக்குத் தமிழில் சுட்டத்தக்க சான்று, 2015 மார்ச்சில் ஆறு குறும்படங்களைக் கோத்து வெளியிடப்பட்ட ‘பெஞ்ச் டாக்கீஸ்’. அதன் பின்னணியில் ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியே வளர்ந்த கார்த்திக் சுப்பராஜ் இருந்தார். பெயர் பெற்ற ஒருவரின் துணையின்றி அறிமுக இயக்குநர்களின் குறும்படங்களுக்கு அரங்கு கிடைத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. முழுநீளப் படமேயாயினும் நிலை பெரிதும் வேறன்று: 2018இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வுபெற்ற செழியனின் ‘டு லெட்’ அரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில்தான்.

இவற்றினும் ஆழ்ந்து கருதத்தக்கது ஜான் ஆபிரகாமின் பட்டறிவு. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அவர், வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையைக் கொண்டு 1977இல் உருவாக்கிய ‘அக்கிரகாரத்தில் கழுதை’ சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. விருதுக்குப் பின்னும் தமிழ்ப் பார்வையாளரை அது பரவலாகச் சென்றடையவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்பும் எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. அப்படத்தைப் பற்றிப் படித்தவர்களின் எண்ணிக்கை அதைப் பார்த்தவர்களினும் மிகுதி எனில் அது மிகையாகாது. இத்தோல்வியிலிருந்து ஜான் கற்றுக்கொண்டது, அடுத்த படத்தை இன்னும் நன்றாக எடுக்கவேண்டும் என்பதன்று. பார்வையாளரை முன்னரே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே. 1984இல் கேரளத்தில் தோன்றிய ஒடேசா குழு, ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு ‘அம்ம அறியான்’ படத்தை 1986இல் முடித்தது. முடித்த படத்தைப் பணம் தந்த ஊர்களுக்கே திரும்பக் கொண்டுசென்றது. இங்கே விநியோகம் தயாரிப்பின் பின் வரவில்லை. அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1987 மே இறுதியில் ஜான் இறந்தார். அவருக்குப் பின் அவ்வழியைத் தமிழ்நாட்டுக் கல்விப்புலம் பாடமாக ஏற்கவில்லை. அவருடைய வாழ்க்கை பற்றிய கதைகளை மட்டும் ஏற்றுக்கொண்டது.

ஒடேசாவின் பார்வையாளர் படத்திற்குப் பணம் தந்தவர்கள். ஜவ்வாது மலையில் எடுக்கப்படும் படத்தின் முதல் பார்வையாளரோ, பெரிதும் அப்படத்திலேயே தோன்றுபவர்கள். அவர்களிடம் படத்தைக் காட்டுவதை நன்றிக்கடன் என்ற அளவில் நிறுத்திவிடுவது போதாது. அது ஆய்வின் ஒரு படிநிலையாகும். பிரெஞ்சு மானிடவியலர் ழான் ரூஷ், நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படமாக்கி, சில ஆண்டுகள் கழித்து வேட்டையாடிய மக்களிடமே திரையிட்டார். வேட்டைக் காட்சியில் அவர் அவர்களுடைய வேட்டைப் பண்ணையே பின்னணி இசையாகச் சேர்த்திருந்தார். பார்த்தவர்கள் அதைக் குறை கூறினர்: வேட்டையின்போது அமைதி வேண்டும், இசை கேட்டால் நீர்யானை ஓடிவிடும். ரூஷ் இசையை நீக்கினார். எந்தத் திரைவிழாவின் நடுவர் குழுவும் கண்டுபிடித்திருக்க இயலாத பிழை அது. ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் கூறும் துணையெழுத்தையும், சடங்கின் வரிசையை மாற்றிவைக்கும் படத்தொகுப்பையும் அவ்வூரார் அன்றி வேறு யார் திருத்துவர்?

இணையம் இச்சிக்கல்களை எல்லாம் தீர்த்துவிட்டது என்போர் உளர். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017இல் பல இடங்களில் திரையிடத் தடுக்கப்பட்டபோது யூடியூப் வழியாகவே மக்களை அடைந்தது என்பது உண்மை. துப்புரவுத் தொழிலாளர் நிலையை நாடறியச் செய்வதே அதன் நோக்கமாதலின் அவ்வழி அதற்குப் பொருந்திற்று. எல்லாப் படத்திற்கும் அது பொருந்தாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட அவர்களுள் ஜவ்வாது மலையினரும் அடங்குவர். அந்நிகழ்வுக்குப் பின் இம்மலையில் கூலி, கடன், இடைத்தரகர் ஆகியவற்றைப் பற்றிக் கருவியின் முன் பேசும் எவரும், தம் முகமும் குரலும் எங்கே செல்லும் என்று அறிந்தே பேசவேண்டிய நிலையில் உள்ளனர். இருபது வயது மாணவர் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தி உலகுக்கு அளித்துவிடும் காட்சி, பேசியவர் மேல் வழக்காகத் திரும்பக்கூடும். பரவலே விநியோகத்தின் அளவுகோல் எனக் கொள்வார் இதற்கு விடை கூறுவதில்லை. யார் பார்க்கவேண்டும் என்பதோடு யார் பார்க்கலாகாது என்பதும் விநியோகத்தின் பாற்பட்டதே.

அவ்வாறெனின் மலையில் படம் காட்டும் வழி யாது? அதற்கான முறை அடிவாரத்திலேயே உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தில் புரிசை உள்ளிட்ட ஊர்களின் தெருக்கூத்துக் குழுக்கள் அரங்கைத் தேடி அலைவதில்லை. ஊர் அழைக்கிறது, களத்தை ஊரே அமைக்கிறது, குழு இரவு முழுதும் ஆடுகிறது. திரைப்படத்திற்கும் அத்தகைய தொடக்கம் உண்டு: 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றார். வெள்ளைத் துணி, சிறு ஒளிபடக் கருவி, ஒலிபெருக்கி ஆகியன இன்று துறைக் கருத்தரங்க அறையிலேயே கிடைப்பவை. எஞ்சியது இருள். இம்மலையின் காவலூரில் வானாய்வகம் நிறுவியோர் தேடிவந்ததும் அதைத்தான், 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு நிலைபெற்றது ‘அம்ம அறியான்’ வெளிவந்த அதே 1986இல். கோடை விழாவின் மின்விளக்குகளுக்கிடையே அரைமணி நேரம் ஒதுக்கித் தரப்படும் திரையிடலைவிட, விழா இல்லாத நாளில் ஒரு சிற்றூரில் நிகழும் திரையிடலே உகந்தது.

இதனால் மாணவருக்குப் பெயர் கிடைக்காது, நூறு பேர் பார்ப்பது விநியோகமாகாது என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. திரைத்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு விழாச் சான்றிதழ் தேவை. அதை மறுக்கும் உரிமை எந்த நெறியாளருக்கும் இல்லை. வரிசையே இங்கு வலியுறுத்தத்தக்கது: முதலில் ஊர், பின்னர் துறைகள், அதன்பின் விழா, ஊரார் ஒப்பினால் இறுதியில் இணையம். இரண்டாவது படியில் தமிழ்த்துறைகள் தம் வலிமையை உணரவில்லை. தமிழ்நாட்டில் தமிழ்த்துறை இல்லாத கலை அறிவியல் கல்லூரி அரிது. ஒவ்வொன்றிலும் ஓர் அறையும் ஆண்டுதோறும் மாறும் மாணவர் அவையும் உண்டு. எந்த வணிக விநியோகஸ்தருக்கும் இத்துணை அரங்குகள் இல்லை. ஒரு துறையின் படம் மற்றொரு துறையின் வகுப்பில் பார்க்கப்பட்டு, எழுத்தில் மதிப்பிடப்பட்டு, அம்மதிப்பீடு ஆய்விதழில் இடம்பெறுமாயின் மாணவருக்கு வேண்டிய பெயரும் ஓரளவு வந்துசேரும்.

இதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும். படத்தின் உரிமை மாணவரிடமா நிறுவனத்திடமா என்பது படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் இருத்தல் வேண்டும். பொதுக்காட்சிக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் சான்றிதழ் கோருகிறது என்பதை மாணவர் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் வேண்டும். பேசியவரின் ஒப்புதல் ஒரே கையெழுத்தாக அமையாமல், ஊரில் காட்ட, வகுப்பில் காட்ட, இணையத்தில் இட எனத் தனித்தனியே பெறப்படுதல் வேண்டும். ஆய்வேட்டுக்குரிய முன்வரைவைப் போலப் படத்திற்கும் ஒரு பக்கப் பாயிரம் கேட்கலாம். அதில் கேட்போர், களம் என்னும் இரு தலைப்பும் நிரப்பப்படாத முன்வரைவைத் துறைக்குழு திருப்பி அனுப்பலாம்.

படங்களைப் பேணுதல் தனிச்சிக்கல். மலையாளிகளின் பேச்சுவழக்கு பதிவான படம், வட்டார வழக்கு ஆய்வாளருக்குச் சொற்பட்டியலினும் பயன்தரும் சான்று; குரலின் ஏற்ற இறக்கம் அதில் உள்ளது. இன்றோ அத்தகைய பதிவுகள் பல, ஆய்வேட்டின் பின்னட்டையில் ஒட்டிய காகித உறைக்குள் குறுவட்டுகளாகத் துறை நூலக அலமாரிகளில் உறங்குகின்றன. அண்மையில் வாங்கப்பட்ட மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அக்குறுவட்டை இடுவதற்கான வாயிலே இல்லை.