எங்கள் பிள்ளைகளுக்கு ஏறும் ரத்தத்துக்கு யார் பொறுப்பு?

2025 பிப்ரவரி 24 அன்று கம்பைநல்லூர் அருகே பட்டாசுக் கிடங்கு வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். இங்கே நெருப்போடு புழங்கித்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தீக்காயம் பட்டால் நாம் ஓடுவது அரசு மருத்துவமனைக்குத்தான்.

வெந்த தோலை வெட்டியெடுத்து வேறு தோல் ஒட்டும்போது ரத்தம் கொட்டும். பத்து கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். பெரியவர் தாங்கும் இழப்பை அது தாங்காது. ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அந்த ரத்தம் பாதுகாப்பானதா?

சாத்தூரை நாம் மறக்கவில்லை. 2018 டிசம்பரில் அங்கே அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தத்தை ஏற்றினார்கள். கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016 முகாமிலேயே பதிவாகியிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவர் உயிரையும் மாய்த்துக்கொண்டார். 2025இல் ஜார்கண்டின் சாய்பாசாவில், ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த தலசீமியா குழந்தைகள் ஐவருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது.

கீழ்நிலை ஊழியரைத் தண்டித்துக் கணக்கை முடிப்பது நீதியல்ல. தொற்றை இன்னும் சீக்கிரம் காட்டும் 'நாட்' பரிசோதனை நாட்டில் இன்றும் கட்டாயமில்லை. காசுள்ளவர்கள் அது இருக்கும் மருத்துவமனையைத் தேடிப் போவார்கள். சேரிப் பிள்ளை எங்கே போகும்?

ரத்தத்தில் சாதி இல்லை என்று மேடையில் முழங்குகிறீர்களே, பரிசோதனையில் மட்டும் ஏன் தராதரம்?

அரசு ரத்த வங்கிகள் அனைத்திலும் நாட் பரிசோதனை வேண்டும். தொற்று தெரிந்தால் கொடுத்தவருக்கு ரகசியமாகச் சொல்லி, சிகிச்சையில் சேர்க்க வேண்டும். ஏற்றிய ரத்தப்பையின் எண்ணைப் பெற்றோர் கையில் எழுதித் தர வேண்டும். நாம் கேட்பது கருணை அல்ல, உயிர் வாழும் உரிமை.